பாங்கு நேரத்தில் ஊமையான போன்கள்

1. எல்லாவற்றையும் மாற்றினேன்

அலுவலக ஐபி போன்கள் சேர்வரை இழந்துவிட்டால், அதைத் திருத்த என்னைக் கூப்பிடுவதற்கும் வாடிக்கையாளர் தன் கைபோனைத்தான் எடுக்க வேண்டும். அதனால் எனக்கு வருகிற அழைப்புகளில் எப்போதும் பாதிக் கோபம் முன்கூட்டியே ஏறியிருக்கும். கல்முனையில் கட்டடப் பொருள் மொத்த வியாபாரம் செய்யும் ஹாஜியார் எனக்குக் கோல் எடுத்த அன்று முழுக் கோபமும் ஏறியிருந்தது.

“தம்பி, நீங்க பூட்டித் தந்த போனெல்லாம் மௌத்தாப் போயிட்டு, உசிரில்ல.”

“எல்லாமா ஹாஜியார்?”

“ஒண்டாவது மிஞ்சியிருந்தா அதிலதானே கதைச்சிருப்பன்!”

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது தூணில் ஏறிச் செம்புக் கம்பி இழுத்தேன். இப்போது கதிரையில் இருந்துகொண்டு லெப்டொப்பைப் பார்க்கிறேன். தூணிலிருந்து விழுகிற பயம் போய்விட்டது. வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கிற பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஊரில் சிலர் என்னைப் ‘போன் டொக்டர்’ என்பார்கள். என் நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் ஒருமுறை நிறுத்தித் திரும்பப் போட்டாலே சுகமாகிவிடுவதால் கிடைத்த பட்டம் அது.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாருக்கு ஒரு சின்ன விளக்கம். ஐபி போன் தன்பாட்டில் ஒன்றும் செய்யாது. கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் அது, அழைப்புகளை இணைத்துவிடும் கணினியான சேர்வரைக் கூப்பிட்டு, “நான் இங்கே இருக்கிறேன்” என்று சொல்ல வேண்டும். சேர்வர் “சரி, இரு” என்று பதில் தர வேண்டும். இதற்குத்தான் ரெஜிஸ்டர் ஆவது என்று பெயர். பதில் வராவிட்டால் போனின் திரையில் ‘நோ சேர்விஸ்’ என்று விழும். அதற்குப் பிறகு அந்தப் போன் கடதாசி பறக்காமல் மேலே வைக்கத்தான் உதவும்.

மோட்டார் சைக்கிளில் பறந்து போனேன். போய்ப் பார்த்தால் எல்லாப் போன்களும் உயிரோடு இருந்தன.

“இப்ப வேலை செய்யுது காக்கா,” என்றார் சுகந்தி, அதுவும் தன் குற்றம் என்பதுபோல. காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். சுகந்தி அந்த அலுவலகத்தின் முன் மேசையில் இருப்பவர். வெளியிலிருந்து வரும் அழைப்பெல்லாம் முதலில் அவரிடம்தான் போகும். வீரமுனையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, மாலை பஸ்ஸில் திரும்புகிறவர். மற்ற ஊழியர்கள் எல்லோரும் எங்கள் முஸ்லிம் ஆட்கள்; தமிழ் ஆள் அவர் ஒருவர்தான்.

அன்று போன்களைச் சேர்வரோடு இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியை மாற்றினேன். “இனிப் பிரச்சினை வராது ஹாஜியார்,” என்றேன். மறுநாளும் கைபோன் அழைப்பு வந்தது. கேபிளை எலி கடித்திருக்கும் என்று சொல்லிப் புதுக் கேபிள் இழுத்தேன். ஸ்டோரில் ஒரு தடித்த பூனை கேபிளின் மேலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்ததை அப்போது நான் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு சேர்வரின் மென்பொருளைப் புதுப்பித்தேன். போன்களின் மென்பொருளையும் புதுப்பித்தேன். ஒரே முகவரியில் வேறு ஏதாவது கருவி இருக்கிறதா என்று வலையமைப்பு முழுவதையும் ஸ்கேன் பண்ணினேன். ஒன்றுமில்லை.

“புதுசா ஏதாவது சாமான் பூட்டினீங்களா ஹாஜியார்? கமரா, பிரின்டர், அப்பிடி ஏதாவது?”

“ஒண்டுமில்ல தம்பி. அல்லாஹ்வுக்காக, ஒண்டுமில்ல.”

அவர் பொய் சொல்லவில்லை. அது பிறகுதான் விளங்கியது.

ஒவ்வொரு முறையும் என் வேலை ஒரே மாதிரித்தான் நடந்தது. காலையில் போவேன். போன்கள் நன்றாக இருக்கும். எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டு இருப்பேன். நண்பகல் தொழுகையான லுஹருக்குப் பாங்கு சொல்லும் நேரம் நெருங்கியதும் ஹாஜியார் எழும்புவார். அவர் எழும்பினால் ஸ்டோர்காரர், லொறி சாரதி, கணக்குப் பார்ப்பவர் என்று எல்லோரும் எழும்புவார்கள். ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, ஒரு படைபோல ஒழுங்கை முனையில் இருக்கும் பள்ளிவாசலுக்கு நடப்பார்கள். பாங்கு சொல்லும்போது எல்லோரும் கை கால் கழுவி வுழூச் செய்துகொண்டிருப்பார்கள். நானும் அந்தப் படையில் முன்னால் போவேன். என் ஈமானைப் பார்த்து யாரும் பொறாமைப்பட வேண்டாம். பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. பிந்திப் போனால் அங்கே இறைச்சி முடிந்து குழம்பு மட்டும்தான் கிடைக்கும்.

தொழுது, சாப்பிட்டு, பல்லைக் குத்திக்கொண்டு திரும்பி வரும்போது போன்கள் நன்றாக இருக்கும், அல்லது அப்போதுதான் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருக்கும். எத்தனையோ முறை போனேன். அத்தனை முறையும் நோயாளிக்கு வலிப்பு வந்த நேரம் டொக்டர் சாப்பாட்டுக் கடையில் இருந்தார்.

2. ‘போன் நல்லம்’

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் ஹாஜியார் என்னைத் தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு இருத்தினார்.

“தம்பி, ஒரே ஒரு கேள்வி. போன்ல பிழை இரிக்கா, இல்லையா?”

அறிந்த எல்லாவற்றையும் சோதித்துவிட்டேன். எனக்கும் தொழில் மானம் என்று ஒன்று இருக்கிறது. நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: “ஒரு பிழையுமில்ல ஹாஜியார். போன் நல்லம், சேர்வர் நல்லம், கேபிள் நல்லம்.”

ஹாஜியார் தாடியைத் தடவினார். “அப்ப ஆள்லதான் பிழை.”

“எந்த ஆள்?”

“மேசன்மார் பகல் சாப்பாட்டுக்குச் சாந்துக் கரண்டிய வெச்சிட்டுத்தான் சீமெந்துக்கும் கம்பிக்கும் கோல் எடுக்கிற. சரியா அந்த நேரத்துக்கு இஞ்ச ஆரும் எடுக்கிறதில்ல. அவனுகள் முன் கடைக்கு எடுக்கிறானுகள். எங்கட ஓடர் எல்லாம் ரோட்டக் கடந்து போகுது. அந்த நேரத்தில ஒபிஸ்ல ஆர் இரிக்கிற? அந்தப் புள்ள மட்டும்தான். நாங்க தொழப் போன உடனே ரிசீவரத் தூக்கி வெச்சிட்டுக் கைபோன்ல படம் பாக்குது எண்டுதான் நான் நினைக்கிறன்.”

“சுகந்தி அப்பிடியான ஆள் இல்லையே ஹாஜியார்.”

“நீங்கதானே தம்பி இப்ப செல்லிட்டீங்க, போன் நல்லமெண்டு. நான் சாய்ந்தமருதுல என்ட கூட்டாளிட மகளுக்குச் செல்லி வெச்சிரிக்கன். திங்கக்கிழமை வந்து பாரமெடுக்கும். இந்தப் புள்ளைக்கு வேலை இல்லையெண்டு சனிக்கிழமை பின்னேரம் செல்லிடலாம்.”

‘போன் நல்லம்’ என்று நான் போனுக்குக் கொடுத்த நற்சான்றிதழ், அடுத்த நிமிடமே ஒரு மனுசிக்கு வேலைநீக்கக் கடிதமாக மாறியிருந்தது. இவ்வளவு வேகமாக நான் ஒரு வேலையையும் முடித்ததில்லை.

வெளியே வந்தபோது சுகந்தி தலையை நிமிர்த்தவில்லை. கண்ணாடி அறை என்றாலும் அதன் கதவு அவ்வளவு இறுக்கமானதல்ல.

“போன் நல்லமெண்டு சொன்னீங்களாம் காக்கா.”

“சொன்னன் புள்ள.”

“அப்ப பழுதாப் போனது நான்தான்.” மேசையிலிருந்த பேனையை எடுத்துக் கொஞ்சம் தள்ளி வைத்தார். “மகளுக்கு இந்த வருசம் ஏ.எல். சோதினை. வீட்டில சம்பளமெண்டு வாறது என்ட ஒண்டுதான். எனக்கு மனசறிய நான் அந்த ரிசீவரத் தூக்கி வெச்சதில்ல.”

“அது நிக்கிற நேரத்த ஒருக்காச் சொல்லுங்க பாப்பம். எப்ப நிக்குது?”

“பகல்ல. பின்னேரத்திலயும் ஒருக்கா.”

“பகல்ல எப்ப?”

அவர் வாசலைப் பார்த்தார். “நீங்க எல்லாரும் இல்லாத நேரம்.”

“நான் இல்லாத நேரமெண்டா அது எந்த நேரமும்தானே! என்ட பொஞ்சாதிட்டக் கேளுங்க.”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “ஒரு நாளைக்குப் போகாம இருந்து பாருங்க காக்கா,” என்றார். “வேற ஒண்டும் எனக்குச் சொல்லத் தெரியா.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் அந்த நேரத்தில் அந்த மேசைக்குப் பக்கத்தில் நான் ஒரு முறைகூட நின்றதில்லை. நான் மட்டுமல்ல, அந்த அலுவலகத்தில் ஒருவரும் நின்றதில்லை. ஊரே தொழப் போகும் நேரத்தில் வந்து போகிற ஒரு பிழையை ஊரில் யார் பார்ப்பது?

3. தொழப் போகாத லுஹர்

வெள்ளி கடை பூட்டு. மிச்சம் இருந்தது சனிக்கிழமை மட்டும்தான். அன்று காலையிலேயே போய்ச் சுகந்தியின் மேசைக்கு எதிரே லெப்டொப்பை விரித்துக்கொண்டு இருந்தேன். சேர்வருக்கு விடாமல் பிங் ஓடவிட்டேன். பிங் என்றால் வேறொன்றுமில்லை, “இருக்கிறியா? இருக்கிறியா?” என்று ஒவ்வொரு நொடியும் தட்டிக் கேட்பது. சேர்வர் சலிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

நேரம் நெருங்கியது. ஹாஜியார் எழும்பினார். படை எழும்பியது. நான் எழும்பவில்லை.

“வாங்க தம்பி.”

“நீங்க போங்க ஹாஜியார். நான் பிறகு தொழுறன்.”

ஹாஜியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஸ்டோர்காரர் வாசலில் நின்றுகொண்டு, “காக்காவக் காணல்லெண்டு சாப்பாட்டுக் கடக்காரன் பொலிஸ்ல என்ட்ரி போடப் போறான்!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஷட்டர் பாதிக்கு இறங்கியது. காலடிச் சத்தம் ஒழுங்கையில் போய் மறைந்தது.

நானும் சுகந்தியும் மட்டும்தான். அவர் சோற்றுப் பார்சலைத் தொடவில்லை. இருவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம், பிரசவ வார்டுக்கு வெளியே இருப்பவர்கள் கதவைப் பார்ப்பதுபோல.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கு தொடங்கியது. அதோடு இன்னொரு பாங்கும் கேட்டது. முதலில் எதிரொலி என்றுதான் நினைத்தேன். ஆனால் குரல் வேறு. பாங்கு சொல்லும் எங்கள் முஅத்தினுடைய குரல் எனக்குத் தெரியும். தடிமன் பிடித்திருந்தாலும் தெரியும். இது அரபு நாட்டுக் குரல், மெல்லிய சத்தத்தில், ஹாஜியாரின் பூட்டிய கண்ணாடி அறைக்குள்ளிருந்து வந்தது.

லெப்டொப்பில் பிங் நின்றது.

“காக்கா!” என்றார் சுகந்தி. அவருடைய போனின் திரையில் ‘நோ சேர்விஸ்’. பக்கத்து மேசையிலும் அப்படியே. அவர் இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கி, பொலிஸ்காரன் துவக்கு நீட்டியதுபோல அசையாமல் இருந்தார். “பாத்துக்கங்க காக்கா. நான் தொடல்ல.”

“கைய இறக்குங்க புள்ள. நான்தான் சாட்சி.”

சிரிப்பாகச் சொன்னேனே தவிர, அந்தக் கைகளைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

லெப்டொப்பில் பார்த்தேன். ஐபி முகவரி என்பது வீட்டு விலாசம் மாதிரி. மெக் முகவரி என்பது அந்த வீட்டுக்காரரின் அடையாள அட்டை எண் மாதிரி. ஒவ்வொரு கருவிக்கும் பிறக்கும்போதே ஒன்று உண்டு. இப்போது சேர்வரின் விலாசத்தில் வேறு அடையாள அட்டைக்காரர் ஒருவர் குடியிருந்தார்! போன்கள் எல்லாம் சேர்வர் என்று நினைத்து அவருடைய கதவைத் தட்டுகின்றன. அவருக்குப் போன் பாஷை தெரியாது. பேசாமல் இருக்கிறார்.

கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தேன். ஹாஜியாரின் கதிரைக்கு மேலே, சுவரில், ஐந்து வேளைத் தொழுகை நேரமும் பச்சை எழுத்தில் ஓடும் பெரிய மணிக்கூடு. வியாழக்கிழமை அதற்குக் கீழேதான் இருந்து, ‘ஒரு பிழையுமில்ல’ என்று நெஞ்சை நிமிர்த்தினேன். பாங்கு நேரம் வந்தால் அது விழித்து, வைஃபையில் ஏறி, மக்காவின் பாங்கை எடுத்து ஒலிபரப்பி, பிறகு தூங்கிவிடும். தூங்குகிற நேரத்தில் ஸ்கேன் பண்ணினால் எப்படிப் பிடிபடும்? அது தூங்கிய பிறகும் போன்கள் பழைய நினைப்பிலேயே கொஞ்ச நேரம் அந்த வெறும் வீட்டைத் தட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் தொழுது, சாப்பிட்டு, பல் குத்தி வரும்போது எல்லாம் சரியாகியிருக்கும்.

மணிக்கூட்டை யார் ‘புதுச் சாமான்’ என்று கணக்கெடுப்பார்கள்? ஹாஜியார் அல்லாஹ்வுக்காகச் சொன்னது உண்மைதான்.

“ஏன் புள்ள, பாங்கு சொன்னாப் போன் நிக்குதெண்டு எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே?”

“எப்பிடிக் காக்கா சொல்ற? நீங்க எல்லாம் ஒரு ஆக்கள், நான் ஒராள். உங்கட பாங்கு சொன்னா உங்கட போன் நிக்குதெண்டு நான் வாயத் திறந்தா, அதைக் கேக்கிற ஆள் என்னெண்டு எடுக்கும்? போன் பிழையெண்டா வேலை மட்டும்தான் போகும். அந்தப் பேச்சுப் பிழையாப் போனா நாளைக்கு இந்த ரோட்டால நடக்கவும் வெக்கமாயிருக்கும்.”

அலுவலக மூலையில் பாயை விரித்துத் தனியாக லுஹரைத் தொழுதேன். அன்றைக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை.

4. விலாசம் கொடுத்தவர்

ஹாஜியார் திரும்பி வந்ததும் முதல் கேள்வியே, “பள்ளில காணல்ல?” என்பதுதான்.

“இஞ்சையே தொழுதன் ஹாஜியார். பிழையப் பிடிச்சிட்டன்.”

“எங்க?”

மணிக்கூட்டைக் காட்டினேன். ஹாஜியாரின் முகம் மாறியது.

“தம்பி, அது உம்ராவுக்குப் போய் மக்காவில இரிந்து கொண்டு வந்த சாமான்! அதில பிழையெண்டா செல்றீங்க?”

“சாமான்ல ஒரு பிழையுமில்ல ஹாஜியார். பாங்கு அருமையான பாங்கு. அதுக்குக் குடுத்த விலாசத்திலதான் பிழை. அத ஆர் பூட்டின?”

ஹாஜியார் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். ஸ்டோர்காரர் மேலே ஓடாத மின்விசிறியைக் கவனமாகப் பார்த்தார்.

“நான்தான் பூட்டின,” என்றார் ஹாஜியார். “ரிமோட்ட வெச்சு எல்லாம் சரியாச் செஞ்சன். இடையில அது விலாசம் கேட்டிச்சு. என்னெண்டு குடுக்கிற? போன்ட மெனுவுக்குள்ள போய்ப் பாத்தன். சேர்வர் அட்ரஸ் எண்டு ஒரு நம்பர் இரிந்திச்சு. எங்கட ஒபிஸ்ட விலாசம் அதுதானே எண்டு அதையே அடிச்சன். விலாசம் கேட்டா எங்கட விலாசத்தத்தானே குடுக்கணும், பக்கத்து வீட்டான்ட விலாசத்தையா குடுக்கிற?”

முப்பது வருடமாக எத்தனையோ பிழை விளக்கம் கேட்டிருக்கிறேன். இவ்வளவு நியாயமான ஒன்றைக் கேட்டதில்லை. சிரிப்பை அடக்க நான் லெப்டொப் வயரைச் சுற்றத் தொடங்கினேன்.

“அப்ப ஒவ்வொரு பாங்குக்கும் என்ட மணிக்கூடுதான்…”

“ஓம் ஹாஜியார்.”

ஹாஜியார் கண்ணாடிக்கு அப்பால் சுகந்தியைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தாடியைத் தடவவில்லை; கையை மேசையில் வைத்துக்கொண்டார். “மாத்துங்க தம்பி. மாத்தி எனக்குக் காட்டுங்க. பின்னேரம் அஸர் தொழுகைப் பாங்குக்கு நான் இஞ்சதான் இரிப்பன்.”

ரிமோட்டை வாங்கி மணிக்கூட்டுக்கு யாருமில்லாத ஒரு விலாசத்தைக் கொடுத்தேன். அந்த வேலைக்கு எடுத்த நேரம், அதற்கு முன்னால் நான் வீணாக்கிய நாட்களை நினைத்தால், சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அஸர் நேரம் வந்தது. வழமையாக எழும்புகிற படை அன்று எழும்பவில்லை. ஹாஜியார் சுகந்தியின் மேசைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். அவருக்குப் பின்னால் ஸ்டோர்காரர், சாரதி, கணக்குக்காரர் என்று எல்லோரும் கலியாண போட்டோவுக்கு நிற்பதுபோல நின்றார்கள். இந்த முறை ‘இனிப் பிரச்சினை வராது’ என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு புத்தி வந்திருந்தது.

பள்ளிவாசல் பாங்கு. அறைக்குள்ளிருந்து மக்கா பாங்கு. எல்லோரும் போனைப் பார்த்தோம்.

திரை மாறவில்லை. பச்சை வெளிச்சம் அப்படியே இருந்தது. பாங்கு முடிந்து துஆவும் முடிந்தது. பிங் ஓடிக்கொண்டே இருந்தது. “அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் ஹாஜியார். நான் அதைவிடச் சத்தமாகச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து, ஒருவரும் ஏற்பாடு செய்யாமலே, போன் அடித்தது. சுகந்தி எடுத்தார். நாவிதன்வெளியில் வீடு கட்டும் ஒரு மேசன், சீமெந்தும் கம்பியும் கேட்டார்.

“பகல் எத்தினை தரம் எடுக்கிற? ஒங்கட போனுக்கு என்ன வந்த?” என்று மேசன் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“இனி எந்த நேரமும் எடுங்க அண்ணன்,” என்றார் சுகந்தி. “நான் இருப்பன்.” சொல்லிவிட்டு, கடைசிச் சொல் பிழைத்துவிட்டதோ என்பதுபோல ஹாஜியாரை ஒருமுறை பார்த்தார்.

ஹாஜியார் எழும்பி, தொண்டையைச் செருமினார். “புள்ள, சாய்ந்தமருதுக்கு ஒரு கோல் எடுத்துத் தாங்க,” என்று தன் கூட்டாளியின் இலக்கத்தைச் சொன்னார். சுகந்தியின் விரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு இலக்கத்தை அழுத்தி, ரிசீவரை அவரிடம் நீட்டினார். ஹாஜியார் கண்ணாடி அறைக்குள் போகவில்லை. எல்லோருக்கும் முன்னால், அந்த மேசையிலேயே நின்றுகொண்டு கதைத்தார்.

“அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான். திங்கக்கிழமை மகள அனுப்ப வேணாம். அவவுக்கு நான் வேற நல்ல எடமொண்டு பாத்துத் தாறன். இல்ல, இல்ல… இஞ்ச எங்களுக்கு ஆள் இரிக்கி. நல்ல ஆள் இரிக்கி.”

ரிசீவரைச் சுகந்தியிடம் கொடுத்துவிட்டு, “ஜமாஅத் தொழுகை போகப் போகுது, வாங்க வாங்க,” என்று எல்லோரையும் துரத்திக்கொண்டு இறங்கினார். நானும் பின்னால் ஓடினேன்.

தம்பிமாரே, முகவரி மோதினால் என்ன செய்வது என்பதை எந்த வகுப்பிலும் படித்துக்கொள்ளலாம். இதை மட்டும் என்னிடமிருந்து கேட்டுக்கொள்ளுங்கள். ‘கருவியில் பிழையில்லை’ என்று நாம் சொல்லும்போது அந்தப் பிழை காற்றில் கரைந்து போவதில்லை. கருவிக்குப் பக்கத்தில் இருக்கும் மனிதரின் தலையில் போய் இறங்குகிறது. ஆகையால் அந்தச் சொல்லைச் சொல்ல முன்னர், பிழை வருகிற நேரத்தில், பிழை வருகிற இடத்தில், அந்த மனிதரோடு ஒரு முறையாவது இருந்து பாருங்கள். பசித்தாலும் பரவாயில்லை.